முங்கு வாத்துகளைப் பார்ப்பது எப்படி: ஐஸ்லாந்தின் மீவாட்ன் ஏரி

முங்கு வாத்தைப் பார்க்கப் போகிறவர் ஒரு விஷயத்துக்கு முதலிலேயே மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும். பறவை பாதி நேரம் கண்ணில் படாது. பைனாகுலரைத் தூக்கிக் குறிபார்ப்பதற்குள் தண்ணீரில் ஒரு வட்டம்தான் மிஞ்சியிருக்கும். அடுத்து எங்கே எழும் என்பது அதற்கே வெளிச்சம். படத்தையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடும் வேலை இங்கே நடக்காது. அதனால் இந்த அத்தியாயத்தில் நிறத்தைவிட நடத்தைக்கே இடம் அதிகம். எப்படி முங்குகிறது, எவ்வளவு நேரம் கீழே இருக்கிறது, எங்கே எழுகிறது, எழுந்ததும் என்ன செய்கிறது என்ற நாலும் பழகிவிட்டால், எதிர்வெயிலில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும் பறவைக்கும் பெயர் சொல்லிவிடலாம்.

இதைப் பழக ஐரோப்பாவில் மீவாட்னைவிட நல்ல இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஐஸ்லாந்தின் வடகிழக்கில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 280 மீட்டர் மேலே, 37 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் ஏரி. சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வழிந்து வந்து நீரை மறித்ததில் இப்போதைய வடிவம் வந்தது. பரப்புக்குத் தகுந்த ஆழம் கிடையாது. பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று மீட்டர்தான். இயற்கையான ஆழம் மிஞ்சிப் போனால் நான்கு மீட்டர். வெளிச்சம் அடிவரை இறங்குகிறது, அடிமண் முழுக்கப் பாசியும் புழுவும். கரையோரம் மட்டும் இரை கிடைக்கும் ஆழமான ஏரிகளில் வாத்துகள் கரையை ஒட்டியே சுற்றும். இங்கே ஏரியின் நடுவிலும் முங்கினால் இரை உண்டு. கண்ணெட்டும் தூரமெல்லாம் வாத்து என்பது அதனால்தான்.

முங்கு வாத்து என்று தனியாகப் பிரிப்பது எதற்கு என்று கேட்கலாம். நம் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, கிளுவை, தட்டைவாயன் எல்லாம் தலையை நீருக்குள் விட்டு வாலைத் தூக்கிக் கவிழ்ந்து மேய்பவை. தண்ணீரில் உயர்ந்து மிதக்கும். விரட்டினால் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகக் கிளம்பும். முங்கும் கூட்டத்துக்குக் கால் உடலின் பின்பக்கம் தள்ளி இருக்கும். கீழே துடுப்பு போட அது வசதி. தரையில் நடப்பதற்குத் தடுமாற்றம். உடம்பு கனம், மிதக்கும்போது தாழ்ந்து கிடக்கும், வால் நீரைத் தொடும். பறக்க வேண்டுமானால் தண்ணீர்மேல் தடதடவென்று ஓடித்தான் எழ வேண்டும். மீவாட்னில் இரண்டு கூட்டமும் கலந்து கிடப்பதால், போன முதல் அரைமணி நேரத்தில் இந்தப் பிரிவினையை மட்டும் பழகுங்கள். நாமத்தலை வாத்தையும் கருவால் வாத்தையும் ஒதுக்கித் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பவை நாம் தேடி வந்தவை.

எப்போது போவது

மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் பாதிவரை. அதற்கு முன் ஏரியில் பனிக்கட்டி மிச்சம் இருக்கலாம். அதற்குப் பின் ஆண் வாத்துகள் பெட்டையை அடைகாக்க விட்டுவிட்டு நழுவத் தொடங்கிவிடும். சில இனங்களில் ஆண்கள் கடலுக்கே போய்விடுகின்றன; தங்குபவை இறகு உதிர்த்துப் பெட்டை மாதிரியே பழுப்பாகிவிடும். ஜூலையில் போகிறவருக்குக் குஞ்சுகள் உண்டு, ஆனால் அடையாளம் காண்பது இரட்டிப்புக் கஷ்டம். முதன்முறை போகிறவர் ஜூலையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. பயண நிறுவனங்கள் ஜூலையைத்தான் விற்கும், ஏனென்றால் அப்போது கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். வாத்து உங்கள் வசதியைப் பார்த்து இறகு வளர்ப்பதில்லை.

ஜூனில் இங்கே இரவு இருட்டாது. ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றே தெற்கே இருப்பதால் சூரியன் கொஞ்ச நேரம் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டு வரும். ஆனாலும் வாசிக்கும் அளவுக்கு வெளிச்சம் இருந்துகொண்டே இருக்கும். இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐஸ்லாந்து லண்டனின் குளிர்கால நேரத்தையே ஆண்டு முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் நாடு அதற்கு வெகு மேற்கே கிடக்கிறது. ஆகவே மீவாட்னில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1 மணி தாண்டித்தான். கடிகாரம் காட்டும் காலை 9 மணி, சூரியக் கணக்கில் 8 மணிக்கும் முந்தியது. முதுகுக்குப் பின்னால் வெயில் வேண்டும் என்றால் காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை, இரவு 10 மணிக்கு மேல் வடமேற்குக் கரை. இதில் எனக்குப் பிடித்தது இரவு நேரம். சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் விழும். கறுப்பு என்று நினைத்த தலைகளில் பச்சையும் ஊதாவும் அப்போதுதான் பிரியும். சுற்றுலாப் பேருந்துகளும் போயிருக்கும்.

எடுத்துப் போக வேண்டியவை

8×42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் உருப்பெருக்கம் வாங்கினால் காற்றில் கை நடுங்குவதும் சேர்ந்து பெரிதாகும். ஸ்கோப் ஒன்று இருந்தால் அது வேறு உலகம். ஆனால் அதன் முக்காலி கனமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கால்களைத் தாழ்த்தி வைத்து, கல் நிரப்பிய பையை நடுவில் தொங்கவிடுங்கள். கார்க் கண்ணாடியில் மாட்டும் பிடி இருந்தால் இன்னும் நல்லது. மீவாட்னில் காரே சிறந்த மறைவிடம். கதவைத் திறக்காத வரை வாத்துகள் அதைப் பாறையாகவே எடுத்துக்கொள்கின்றன. இறங்கி நின்ற மறுகணம் எல்லாம் 50 மீட்டர் உள்ளே போய்விடும். இன்ஜினை அணைத்துவிடுங்கள், அதன் அதிர்வு ஸ்கோப்பில் தெரியும்.

உடைக்கு நம்மூர் மார்கழிக் குளிரை அளவாக வைக்காதீர்கள். ஜூனிலும் பனித்தூறல் விழக்கூடும். காற்றுப் புகாத மேல்சட்டை, உள்ளே கம்பளி, விரல் நுனி திறந்த கையுறை. உட்கார ஒரு பஞ்சுத் துண்டு கட்டாயம், ஏனென்றால் எரிமலைக் கல் கூராகவும் சில்லென்றும் இருக்கும்.

அப்புறம் தலைக்கு வலை. இதைக் கேலியாக நினைக்கிறவர்கள் அரைமணி நேரத்தில் ஊர்க் கடையில் வாங்க நிற்பார்கள். இந்த ஏரியின் உயிரே மிட்ஜ் எனும் சிறு பூச்சிகள்தான். கரையோரம் தூண் தூணாக எழுந்து, தூரத்திலிருந்து பார்க்கப் புகைபோல நிற்கும். இவை கடிக்காது, ஆனால் மூக்கு, காது, வாய் என்று எங்கும் புகும். காற்று கொஞ்சம் வீசினால் புல்லுக்குள் அடங்கிவிடும். ஏரியிலிருந்து லக்ஸா ஆறு புறப்படும் இடத்தில் இருக்கும் கரு ஈக்கள் வேறு சாதி, அவை கடிக்கும். வலையை மறந்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போகாதீர்கள்.

எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பூச்சிகளைத் திட்டாதீர்கள். அவற்றின் புழுக்கள் அடிச்சேற்றில் கோடிக்கணக்கில் வளர்வதால்தான் வாத்துகள் இங்கே வருகின்றன. மிட்ஜ் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உச்சிக்கு ஏறி, பிறகு படுவீழ்ச்சி அடைகிறது. உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம் லட்சம் மடங்குக்கு மேல் போகும் என்று 2008-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. புழு குறைந்த ஆண்டில் குஞ்சுகள் பிழைப்பது அரிது. ஏரிக்கரையில் 1974-இல் தொடங்கப்பட்ட ஆய்வு நிலையம் வசந்தந்தோறும் வாத்துகளை எண்ணி வருகிறது, பூச்சிகளையும் பொறி வைத்துப் பிடித்து எண்ணுகிறது. நீங்கள் போகும் ஆண்டில் கரையில் பூச்சியே இல்லை என்றால் மகிழ்ச்சியடைய வேண்டாம். அந்த வருஷம் வாத்துக் குடும்பங்களுக்குப் பஞ்ச வருஷம்.

முங்கும் விதத்தை வைத்து அடையாளம்

முதலில் அதிகமாகக் கண்ணில் படும் இரண்டைத் தீர்த்துவிடுவோம். குடுமி வாத்தும் பெரிய ஸ்காப்பும் முங்குவதில் ஒன்றுதான்: உடம்பை ஒரு எம்பு எம்பி, வளைந்து, தலைகுப்புற இறங்கும், இருபது விநாடிக்கு முன்பின்னாக மேலே வரும். அதை வைத்துப் பிரிக்க முயல வேண்டாம், முதுகைப் பாருங்கள். குடுமி வாத்து ஆணுக்கு முதுகு கறுப்பு, விலா பளிச் வெள்ளை, பின்தலையில் தொங்கும் குடுமி. ஸ்காப் ஆணுக்கு முன்னும் பின்னும் கறுப்பு, முதுகு சாம்பல், குடுமி கிடையாது, தலை பச்சையாக மின்னும். ஸ்காப் பெட்டைக்கு அலகைச் சுற்றி அகலமான வெள்ளைப் பட்டை இருக்கும். ஒரு காலத்தில் ஸ்காப்தான் இங்கே ராஜா. குடுமி வாத்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் ஐஸ்லாந்தில் கூடுகட்டத் தொடங்கியது. இப்போது ஸ்காப்பை முந்திவிட்டது. இங்குள்ள குடுமி வாத்துகள் குளிருக்குப் பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் போகின்றன. இந்தியாவுக்கு வரும் இதே இனத்தார் ஆசியாவின் வடபகுதியிலிருந்து வருபவர்கள். வடஇந்திய ஏரிகளில் பார்த்தவருக்கு மீவாட்னில் முதல் அறிமுகம் இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து பாரோ பொன்கண் வாத்து. மீவாட்னுக்கு வருகிற பாதிப் பேர் இதற்காகவே வருகிறார்கள். வட அமெரிக்காவின் பறவை. ஐரோப்பாவில் இது கூடுகட்டுவது ஐஸ்லாந்தில் மட்டும், அதிலும் பெரும்பகுதி இந்த ஏரியிலும் இதிலிருந்து புறப்படும் ஆற்றிலும். ஆணின் தலை ஊதா மின்னும் கறுப்பு, கண்ணுக்கு முன் பிறை வடிவ வெள்ளைத் திட்டு, தோளில் வரிசையாக வெள்ளைப் பொட்டுகள். பெட்டைக்குச் சாக்லேட் தலை, அலகில் மஞ்சள். வட்டத் திட்டு உள்ள சாதாரண பொன்கண் வாத்து இங்கே கோடையில் அபூர்வம், ஆகவே குழம்பத் தேவையில்லை.

இதை அருகில் கிடைத்தால் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் அதையே பாருங்கள். ஓய்வில் இருக்கும்போது தலை உப்பி, நெற்றி செங்குத்தாக நிற்கும். முங்கப் போகிறது என்றால் முதலில் தலை சுருங்கும். இறகுகளை உடம்போடு ஒட்ட அழுத்தி, இடையில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறது. காற்றோடு இறங்கினால் தக்கைபோல மேலே தூக்கிவிடும் அல்லவா. உடம்பு ஒரு விரற்கடை தாழும். கழுத்து முன்னால் நீளும். அப்புறம் ஓசையே இல்லாமல் உள்ளே. தலை சுருங்கியதைக் கண்டதும் விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். கீழே கற்களைப் புரட்டிப் புழு தேடும். இருபது, இருபத்தைந்து எண்ணுவதற்குள் ஒரு பத்தடி தள்ளி எழும். எழும்போது தலை மறுபடி உப்பியிருந்தால் சாப்பாடு முடிந்தது, ஒட்டியே இருந்தால் இன்னொரு முங்கல் வருகிறது. இந்த ஒரு குறிப்பு கைவந்தால் கேமராக்காரருக்கும் பாதி வேலை முடிந்தது.

ஆண் பொன்கண் வாத்து சண்டைக்காரன். ஆளுக்கொரு துண்டு நீர்ப்பரப்பைப் பிடித்துக்கொண்டு அடுத்தவனை விடாது. தலையையும் கழுத்தையும் நீர்மட்டத்தோடு நீட்டிக்கொண்டு வேகமாக வந்தால் எச்சரிக்கை. திடீரென்று ஆள் காணாமல் போனால் எதிராளியைப் பாருங்கள். சில விநாடியில் எதிராளி வயிற்றில் கொத்து வாங்கியதுபோல் துள்ளித் தண்ணீர்மேல் ஓடும், அது இருந்த இடத்தில் நம்மவன் முளைப்பான். அடியிலிருந்து தாக்குவது இவர்கள் வழக்கம். குடுமி வாத்துகள் மேல் இதைக் காட்டுவதும் உண்டு, பாவம்.

நீள்வால் வாத்து இறங்கும்போது சிறகைப் பாதி விரிக்கும். நீருக்கடியில் சிறகையும் பயன்படுத்தும் வாத்து அது. ஆகவே தூரத்தில் ஒரு பறவை முங்கும் கணத்தில் சிறகு பளீரென்று விரிந்து மூடுவதைக் கண்டால், வாலைத் தேட வேண்டிய அவசியமில்லை. அதன் குரலும் காட்டிக்கொடுக்கும். மூக்கால் பாடுவதுபோல் ஏறி இறங்கும் கூவல், அமைதியான இரவில் வெகுதூரம் கேட்கும்.

கறுப்பு ஸ்கோட்டர் சிறகை ஒட்ட மூடிக்கொண்டு துள்ளி இறங்கும். ஆண் முழுக் கறுப்பு, அலகில் மட்டும் மஞ்சள். பெட்டைக்கு வெளிறிய கன்னம். ஐஸ்லாந்தில் இந்த இனம் கூடுகட்டும் முக்கிய இடம் மீவாட்ன். கரையை விட்டு உள்ளே தள்ளி இருக்கும் என்பதால் ஸ்கோப் இல்லாதவருக்கு வெறும் கறுப்புப் புள்ளி. அப்போது ஒன்று செய்யுங்கள்: அது எழுந்து நின்று சிறகடிக்கும்வரை காத்திருங்கள். மற்ற வாத்துகள் தலை நிமிர்ந்து சிறகடிக்கும். ஸ்கோட்டர் சிறகடிக்கும் நடுவில் தலையைச் சட்டென்று கீழே தொங்கவிடும். ஒரு கிலோமீட்டர் தள்ளியும் தெரியக்கூடிய அடையாளம் இது.

செம்மார்பு மெர்கான்சரைத் தவறவிடவே முடியாது. ஒல்லியான சிவந்த அலகு, எண்ணெய் கண்டிராத பரட்டைத் தலை. இது புழு தின்பதில்லை, மீன் பிடிப்பது. முங்குவதற்கு முன் முகத்தை மட்டும் நீருக்குள் வைத்து நீந்திக்கொண்டே தேடும். நாலைந்து சேர்ந்து வரிசையாக முகம் புதைத்து நீந்துவதும், ஒன்று மீனைக் கண்டதும் எல்லாம் ஒரே நேரத்தில் மறைவதும் காணக் கிடைத்தால் வேறு வேலை எதையும் செய்யாதீர்கள். ஸ்டிக்கில்பேக் எனும் விரல்நீள முள்மீன்தான் பெரும்பாலும் அகப்படும்.

வாத்து அல்லாத இரண்டு முங்கும் பறவைகளும் இங்கே குறுக்கே வரும். ஒன்று கொம்பு முக்குளிப்பான், நம் குளத்து முக்குளிப்பானின் வடநாட்டு உறவு. செங்கழுத்து, கண்ணுக்குப் பின் தங்க நிறக் குஞ்சம். மற்றொன்று வடக்கு லூன். அது துள்ளாது, எம்பாது, அப்படியே வழுக்கி உள்ளே போகும். நிமிடக் கணக்கில் வராமல் இருக்கக்கூடும். வரும்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் திசைக்கு எதிரில் வரும்.

எண்ணுவது

கூட்டத்தை எண்ணும்போது எப்போதும் குறைவாகவே வரும், ஏனென்றால் ஒரு பங்கு கீழே இருக்கிறது. இரண்டு வழி உண்டு. கூட்டம் சேர்ந்தாற்போல் முங்கும் பழக்கம் உடையதாக இருந்தால், எல்லாம் மேலே வரும் தருணத்துக்குக் காத்திருந்து பலமுறை எண்ணி, பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்காதீர்கள். தனித்தனியாக, ஒழுங்கில்லாமல் முங்கினால், இரண்டு மூன்று பறவைகளை நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே 20 விநாடி, மேலே 10 விநாடி என்றால் எந்தக் கணத்திலும் மூன்றில் இரண்டு பங்கு மறைந்திருக்கிறது. மேலே 12 தெரிந்தால் மொத்தம் 36 அளவில் இருக்கும். இது குத்துமதிப்புதான். இதைவிட எளிது, அவை தூங்கும் நேரத்தில் எண்ணுவது. வயிறு நிறைந்ததும் காற்று மறைவான கரையோரம் கூடி, அலகை முதுகில் செருகிக்கொண்டு மிதக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்துக் கரைக்குப் போங்கள். அலையில்லாத நீர் அங்கேதான்.

எங்கே நிற்பது

அகுரேரி நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ரேக்யாவிக்கிலிருந்து வருவதானால் ஒரு முழுநாள். ஏரியைச் சுற்றிலும் சாலை இருக்கிறது, ஏறக்குறைய 36 கிலோமீட்டர். சுற்றி முடிப்பது பெருமையல்ல. மூன்று இடத்தில் நன்றாக உட்கார்ந்தால் போதும்.

முதல் இடம் மேற்கே, லக்ஸா ஆறு ஏரியை விட்டுப் புறப்படும் பாலத்தடி. நீர் கிளைகளாகப் பிரிந்து பாறைகளின்மேல் பாயும். கரு ஈயின் புழு இந்தப் பாறைகளில் அப்பிக் கிடப்பதால் பொன்கண் வாத்துகளும் ஹார்லிக்வின் வாத்துகளும் இங்கே கூடுகின்றன. ஹார்லிக்வினும் ஐரோப்பாவில் ஐஸ்லாந்தில் மட்டுமே கூடுகட்டுவது. குளிர்காலம் முழுக்கக் கரையில் அலை மோதும் கடலில் கழித்துவிட்டு வசந்தத்தில் ஆறேறி வரும். நீலச் சாம்பல் உடம்பில் வெள்ளைக் கோடுகள், விலாவில் துருச் சிவப்பு. ஆள் நிற்க முடியாத வெள்ளத்தில் அது எதிர்நீந்தி முங்கி, தக்கையாய் மேலே வந்து, பாறையில் ஏறி உதறிக்கொள்ளும். ஜூன் முடிவதற்குள் ஆண்கள் கடலுக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.

இந்த ஆற்றில் இன்று வாத்து இருப்பதற்கு ஒரு வெடிச்சத்தமும் காரணம். மின்சாரத்துக்காக ஆற்றை இன்னும் பெரிதாக மறிக்கத் திட்டம் போட்டபோது, 1970 ஆகஸ்ட் 25 அன்று சுற்றுவட்டார விவசாயிகள் திரண்டு வந்து, இங்கிருந்த சிறு அணையை டைனமைட் வைத்துத் தகர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, 1974-இல் மீவாட்னையும் லக்ஸாவையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது, 1977-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனாலும் ஏரியின் வடபகுதியில் அடிமண்ணை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்த டயட்டமைட் ஆலை 1967-இல் தொடங்கி 2004 வரை ஓடியது. அடிமண்தான் வாத்தின் சாப்பாட்டுத் தட்டு என்பதால், ஆலை இருந்தவரை அது பற்றிய சச்சரவும் இருந்தது.

இரண்டாவது இடம் கிழக்குக் கரையில் ஹோஃப்தி எனும் சிறு முனை. மரங்கள் நட்டு வளர்த்த இடம், நடைபாதை உண்டு. தண்ணீரில் நிற்கும் எரிமலைத் தூண்களுக்கு நடுவே பொன்கண் வாத்தும் லூனும் கிட்டத்தில் வரும். காலை வெயிலுக்கு ஏற்றது. காற்றுக்கு மறைவு என்பதால் மிட்ஜுக்கும் ஏற்றது, வலை மறக்க வேண்டாம்.

மூன்றாவது வடமேற்கில் நெஸ்லோண்ட் பண்ணை. அங்கே சிகுர்கெய்ர் பறவை அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் பண்ணையில் வளர்ந்து, பறவைகளைச் சேகரித்த சிகுர்கெய்ர் ஸ்டெஃபான்சன் 1999-இல் இதே ஏரியில் மூழ்கி இறந்தார். அவர் சேகரிப்பை வைத்து 2008-இல் திறந்தார்கள். பாடம் செய்த பறவைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துவிட்டு, வெளியே இருக்கும் மறைவிடத்திலிருந்து உயிரோடு இருப்பதைப் பார்க்கலாம். பெட்டைகளைப் பிரித்தறியத் தவிப்பவர்கள் முதல் நாளே இங்கே வந்துவிடுவது புத்திசாலித்தனம்.

இந்த மேற்கு, வடமேற்குக் கரையில் மே 15 முதல் ஜூலை 20 வரை சாலையை விட்டு இறங்கி நடக்கத் தடை. கூடுகள் புல்லுக்குள், காலடியில் இருக்கும். பெட்டை கடைசி நொடிவரை அசையாமல் கிடந்து, எழுந்து பறந்தால் முட்டை சில்லென்று ஆறிவிடும். காகமும் மிங்க் எனும் கீரி போன்ற பிராணியும் நீங்கள் போட்ட தடத்தில் வந்து சேரும். மிங்க் இந்த நாட்டுப் பிராணி அல்ல. 1931-இல் ரோமப் பண்ணைகளுக்குக் கொண்டுவந்து தப்பவிட்டது. ட்ரோனைப் பெட்டியிலேயே வைத்திருங்கள். தடை இல்லாத இடங்களிலும் ஆலாக்கள் தலையில் கொத்தும். ஒரு குச்சியைத் தலைக்கு மேல் பிடித்தால் குச்சியைக் கொத்திவிட்டுப் போய்விடும்.

தடையைக் கண்டு முணுமுணுப்பவர்கள் பண்ணைக்காரர்களின் பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே தலைமுறை தலைமுறையாக வாத்து முட்டை எடுத்துச் சாப்பிடுகிறார்கள். வைக்கிங்குகள் குடியேறிய காலத்துக் குப்பைக் குழிகளிலேயே வாத்து முட்டை ஓடு கிடைத்திருக்கிறது. ஆனால் கூட்டில் குறைந்தது நாலு முட்டையாவது விட்டுவிட வேண்டும், பெட்டையைக் கொல்லக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் எடுத்தும் வாத்து தீரவில்லை. பொன்கண் வாத்துக்குப் பொந்து வேண்டும். மரப்பொந்து கிடைக்காத இந்த நாட்டில் எரிமலைக் கல்லின் இடுக்கில் வைக்கும், இல்லையென்றால் வீட்டுச் சுவரிலும் தொழுவச் சுவரிலும் உள்ள ஓட்டைக்குள் புகும். பண்ணைகளில் அதற்கென்றே பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். மே மாதக் காலையில் ஒரு பெட்டை வாத்து கூரைமேல் உட்கார்ந்து சுவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்ப்பதைக் கண்டால் ஆச்சரியப்படாதீர்கள். சாலையிலிருந்தே பாருங்கள், அது யாரோ ஒருவருடைய வீடு.

குளிர்காலத்தில் வரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏரி உறைந்துவிடும், ஆனால் அடியிலிருந்து ஊற்று வரும் இடங்களும், வேகமாக ஓடும் லக்ஸாவும் உறைவதில்லை. பொன்கண் வாத்து ஐஸ்லாந்தை விட்டுப் போவதே இல்லை என்பதால் அந்தத் திறந்த நீரில் நெருக்கமாகக் கிடைக்கும். பகல் மூன்று நான்கு மணி நேரம்தான், சாலை பனியில் மூடலாம். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர் முயல வேண்டாம்.

ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், காலை 7 மணிக்கு ஹோஃப்தியில் தொடங்குங்கள். வெயில் உச்சிக்கு ஏறும் நேரத்தில் அருங்காட்சியகம். அப்புறம் விடுதிக்குப் போய்த் தூங்குங்கள், வெட்கப்பட வேண்டாம், வாத்தும் அதைத்தான் செய்கிறது. சாயங்காலம் 8 மணிக்கு லக்ஸா பாலம், இரவு 10 மணிக்கு மேல் வடமேற்குச் சாலையோரம், கார் நிறுத்த இடம் விட்டிருக்கும் இடங்களில் மட்டும். சாலையை விட்டுக் காரை இறக்குவது ஐஸ்லாந்து முழுவதும் சட்டப்படி குற்றம், அபராதம் கடுமை. ரேக்யாஹ்லித் கிராமத்தில் பெட்ரோலும் மளிகையும் கிடைக்கும். மாலையானால் கடையைச் சாத்திவிடுவார்கள் என்பதால் இரவுச் சாப்பாட்டைப் பகலிலேயே வாங்கிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள்.